கடனில்லாத கலியாணம்



சென்ற இதழில் சீட்டுக் கட்டுவது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு, பிள்ளைகளின் கலியாணச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் கிராமமொன்றில் நடந்த ஒரு கலியாணத்தின் கணக்கை, அந்தத் தாயின் சம்மதத்தோடு இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

அந்த அக்காவின் கணவர் 2009 மே மாதத்திலிருந்து காணாமற் போனவர். இரண்டு பால் மாடுகளை வைத்து மகளையும் மகனையும் வளர்த்தவர் அவர். ஓர் ஆடி மாதம் சங்கக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, தை மாசம் மகளின்ர கலியாணம். ரெண்டு இடத்தில கடன் தாறம் எண்டிருக்கினம். பிணைக்குக் கையெழுத்து வைக்க ஆரையும் பிடிச்சுத் தருவீங்களோ?"

"கையெழுத்து இருக்கட்டும் அக்கா. முதல் செலவு எவ்வளவு எண்டு எழுதி வைச்சிருக்கிறீங்களோ?" என்று கேட்டேன். மகள் ஒரு கொப்பியைக் கொண்டு வந்தாள்.

400 பேருக்கு மரக்கறிச் சாப்பாடு 400,000 ரூபா. மண்டபம், சோடனை, மணவறை 200,000. வீடியோவும் அல்பமும் 180,000. உடுப்பு 150,000. பலகாரமும் முதல்நாள் சாப்பாடும் 80,000. ஐயர், மேளம், சடங்குச் சாமான்கள் 70,000. பெண் அலங்காரம் 60,000. அழைப்பிதழ், வான் 60,000. எல்லாமாகப் பன்னிரண்டு இலட்சம்.

கையில் இருந்தது சீட்டுக் காசு 200,000, வங்கிப் புத்தகத்தில் 150,000. வெளிநாட்டில் இருக்கும் தம்பி 150,000 தருவதாகச் சொல்லியிருந்தார். மிச்சம் ஏழு இலட்சத்துக்கு, மாடு இரண்டையும் விற்று மூன்று இலட்சம், கடன் இரண்டு எடுத்து நான்கு இலட்சம் என்பது அக்காவின் திட்டம்.

இரண்டு கடனுக்கும் வாரத் தவணை 5,200 ரூபா வரும் என்று சொல்லியிருந்தார்கள். 104 வாரங்கள். பெருக்கிப் பார்த்தோம்: 540,800 ரூபா. வாங்குவது நான்கு இலட்சம். "இதை எதிலயிருந்து கட்டுவீங்கள்?" என்று கேட்டேன். "பால் காசிலதான்" என்றார். சொன்ன பிறகு அவரே பேசாமல் இருந்துவிட்டார். பால் தரும் மாட்டைத்தானே விற்கப் போகிறார்!

ஏன் இவ்வளவு செலவு?

அக்கா ஆடம்பரப் பிரியர் அல்ல. தனக்கென்று ஒரு நல்ல சேலை வாங்காதவர். "தகப்பன் இல்லாதபடியால்தான் இப்பிடிச் செய்தவள் எண்டு ஆரும் சொல்லக்கூடாது, தங்கச்சி" என்றார். தனியே பிள்ளை வளர்த்த நம்மில் பலரை இந்தப் பயந்தான் கடனுக்குள் தள்ளுகிறது.

நான் புத்தி சொல்லத் தகுதியானவளா என்றால், இல்லை. சமூகவியல் படித்தவள். சீதனம் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி எடுத்தவள். 2016 இல் என் கலியாணத்துக்கு 350 பேருக்குச் சாப்பாடு சொன்னோம். வந்தவர்கள் 220 பேர். மிஞ்சிய சோற்றைக் கிடங்கு வெட்டித் தாட்டோம். அந்தச் செலவுக்காக அடகு வைத்த அம்மாவின் சங்கிலிக்கு இரண்டு வருடம் வட்டி கட்டி, கடைசியில் அது ஏலத்தில் போனது. அந்த விலைக்கு அதை இனி வாங்க முடியாது. 2021 இல் ஓர் இலட்சத்தை ஒட்டியிருந்த ஒரு பவுண் 2025 இல் மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

நுண்கடனால் நம் பகுதிப் பெண்கள் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கமே கடன் நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது. தொழிலுக்கு எடுக்கும் கடனை அந்தத் தொழில் கட்டும். கலியாணத்துக்கு எடுக்கும் கடனை எது கட்டும்?

நாங்கள் செய்தது

முதலில், பணத்தை ஒரு பக்கத்தில் எழுதினோம். செலவை அதன் பிறகுதான் எழுதினோம். வருமானம் தரும் பொருளைக் கைப்பணமாகக் கணக்கெடுக்கவில்லை. மாடு, தையல் இயந்திரம், வயல் எல்லாம் கலியாணத்துக்கு அடுத்த நாளும் சோறு போட வேண்டியவை. தருவதாகச் சொன்ன காசையும் கைக்கு வரும்வரை சேர்க்கவில்லை. தம்பியின் காசு வங்கிக்கு வந்த பிறகுதான் நாள் குறித்தோம்.

இரண்டாவது, செலவை மூன்றாகப் பிரித்தோம்: இல்லாமல் முடியாதவை, சுருக்கக் கூடியவை, ஊருக்காகச் செய்பவை. எது எதற்குள் வரும் என்று மகளே பிரித்தாள். வீடியோவை மூன்றாவதில் எழுதியதும் அவள்தான்.

மூன்றாவது, ஆட்களை எண்ணினோம். சாப்பாடு, மண்டபம், அழைப்பிதழ் எல்லாம் தலைக்கணக்கோடு ஏறுபவை. இடம்பெயர்ந்த காலத்தில் கூட நின்றவர்கள் யார், வீட்டு வாசலுக்கு வந்து போகிறவர்கள் யார் என்று பெயர் பெயராக எழுதியபோது 150 பேர்தான் வந்தார்கள்.

நான்காவது, மாப்பிள்ளை வீட்டாரோடு நேரே பேசினோம். கூறையும் தாலிக்கொடியும் அவர்கள் பொறுப்பு என்பது நம் வழக்கம். ஆனால் 'டொனேசன்' என்று கேட்டு அந்தக் காசையும் பெண் வீட்டில் எடுக்கிற இடங்கள் உண்டு. அக்கா தன் கணக்கை மறைக்காமல் சொன்னார். தன்னிடமிருந்த இரண்டு பவுண் காப்பைத்தான் மகளுக்குப் போடலாம் என்றார். மாப்பிள்ளையின் தாயும் தனியே பிள்ளை வளர்த்தவர். "எங்களிட்டயும் இல்லை அக்கா, மெல்லமாய்ச் செய்வம்" என்றார். எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. கடனோடு தொடங்கும் சம்பந்தமா, கேட்டுத் தெளிந்து தொடங்கும் சம்பந்தமா நல்லது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

புதிய கணக்கு இது. ஊர்ச் சமையல்காரரை வைத்து 150 பேருக்குச் சாப்பாடு 105,000. உடுப்பு 70,000. கோயில் மண்டபமும் மணவறையும் 60,000. ஐயர், மேளம், சடங்குச் சாமான்கள் 60,000. படம் மட்டும் 45,000. பலகாரம் 30,000. அழைப்பிதழ், பயணம் 25,000. அலங்காரம் 15,000. எல்லாம் 410,000 ரூபா. எதிர்பாராத செலவுக்கென்று 40,000 தனியாக வைத்தோம். கொப்பி மகளின் கையில். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு இல்லாமல் வருவதில்லை என்பது சட்டம்.

மறக்கக் கூடாத இரண்டு

ஒன்று, விவாகப் பதிவு. யுத்த காலத்தில் அவசரமாகத் தாலி கட்டி, பதியாமல் விட்டவர்கள் பின்னர் ஒவ்வோர் அலுவலகத்திலும் பத்திரம் இல்லாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் செலவு சிறிது. அவரை மண்டபத்துக்கு அழைத்தால் கூடும். எப்படியும் இதுதான் பட்டியலின் முதல் வரியாக இருக்க வேண்டும்.

இரண்டு, சீதனக் காணி. கொடுப்பதானால் மகளின் பெயரிலேயே உறுதி எழுதுங்கள். இருக்கும் ஒரே வீட்டை எழுதுகிற தாய்மார், உயிரோடு இருக்கும்வரை அதில் வாழும் சீவிய உரித்தை உங்களுக்கென்று உறுதியில் எழுதுவியுங்கள். நொத்தாரிசிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கலியாணத்தன்று

தை மாதம், மழை. தறப்பாள் கட்ட வேண்டி வந்தது. சொல்லாத முப்பது பேரும் வந்தார்கள், அவர்களுக்கும் சமைத்தோம். செலவு 462,000இல் நின்றது. மிஞ்சிய 38,000 ரூபா மகளின் வங்கிப் புத்தகத்துக்குப் போனது. மாடுகள் இரண்டும் பட்டியில் நிற்கின்றன.

அழைப்பிதழில் கணவரின் பெயருக்கு முன் 'அமரர்' என்று போட அக்கா சம்மதிக்கவில்லை. பெயர் அப்படியே இருந்தது. தாரைவார்த்தது பெரியப்பாவும் பெரியம்மாவும். அக்கா சமையல் பக்கம் நின்றார். முன்னுக்கு வாங்கோ என்று நான் இழுத்தும் வரவில்லை. செலவையெல்லாம் சுமந்த தாய் பின்னுக்கு நிற்பது எனக்குத் தாங்கவில்லை. பதிவுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். மகள் எழும்பிப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

பந்தியில் யாரோ "தகப்பன் இல்லாத கலியாணந்தானே" என்று சொன்னதும் உண்மை. அது அக்காவின் காதிலும் விழுந்தது. ஒரு கிழமை கழித்துப் போனபோது அதைப் பற்றிக் கேட்டேன். பால் கறந்துகொண்டே சொன்னார்:

"பன்னிரண்டு லட்சம் செலவழிச்சிருந்தாலும் அவை அதைத்தான் சொல்லியிருப்பினம், தங்கச்சி. இப்ப சொல் மட்டுந்தான் மிச்சம். கடன் இல்லை."

உங்கள் வீட்டிலும் கலியாணம் வருகிறதென்றால், இன்றைக்கே ஒரு கொப்பியை எடுங்கள். முதல் பக்கத்தில் கையில் உள்ளதை எழுதுங்கள். கணக்குப் பார்க்க உதவி வேண்டுமானால் உங்கள் மாதர் சங்கத்தில் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.