துரை பங்களாவும் லயத்துக் காம்பராவும்

மலையகத்துத் துரை பங்களாக்களுட் சில இன்று உல்லாசப் பயணிகளின் தங்குமனைகளாகிவிட்டன. அவற்றின் தேக்குக் கதவையும் கணப்படுப்பையும் கைவேலைத் தளபாடங்களையும் கண்டு நம் படித்தவர்களும் “என்ன கலைநுட்பம்!” என வியக்கின்றனர். கைவினையால் இல்லத்தை அழகு செய்யும் இச்சுவைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை முழுமையாகச் சொல்வோர் அரியர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இயந்திரம் கக்கிய மலிவுப் பண்டங்களை வெறுத்துக் கைவினையைப் போற்றியவர்களுள் முதல்வர் வில்லியம் மொறிஸ். நோக்கம் உயர்ந்ததே. ஆனால், கையால் அச்சடித்த சுவர்த்தாளை வாங்க வல்லவர் யார்? இரும்பு முதலாளி லோதியன் பெல் 1872 முதல் 1876 வரை யோர்க்சயரில் எழுப்பிய ரவுண்டன் கிரேஞ்ச் மாளிகையை எடுத்துக்கொள்வோம். அதன் போசன அறைக்கென மொறிஸும் பேர்ன்-ஜோன்ஸும் வரைந்த சித்திரத் தையலை முதலாளியின் மனைவியும் மகளும் ஏறத்தாழ எட்டாண்டுகள் தைத்தனர். எட்டாண்டு ஓய்வை அவர்களுக்கு ஈந்தது உலைக்களத்தில் நின்றவனின் வியர்வை. மொறிஸின் குடும்பச் செல்வமோ டெவன் செப்புச் சுரங்கத்திலிருந்து வந்தது. அச்சுரங்கம் பின்னர் ஆர்செனிக் நஞ்சையும் எடுத்து விற்றது. அவருடைய தொடக்ககாலச் சுவர்த்தாள்களில் இலைக்குப் பச்சை நிறம் தந்ததும் அவ்வகை நஞ்சே! செல்வர்க்குப் பணி செய்தே தம் கலை கழிகின்றது என்பதை உணர்ந்த மொறிஸ் 1883இல் சோசலிச இயக்கத்திற் சேர்ந்தார். பங்களா இரசிகர்களோ சுவர்த்தாளை வைத்துக்கொண்டு சோசலிசத்தைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர்.

இவ்வியக்கத்தை நம் நாட்டோடு பிணைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வை நடத்தியவர் அவர். தோரியனைற்று என்னும் கனியம் சப்ரகமுவவின் பலாங்கொடைப் பகுதியிலிருந்து அவராலேயே வெளிப்பட்டது. பின்னர் இங்கிலாந்தில், அஷ்பி என்னும் கட்டடக் கலைஞர் செப்பனிட்ட பழைய நோர்மன் ஆலயமொன்றை இல்லமாக்கிக்கொண்டு, மொறிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலின் 425 பிரதிகளை 1908இல் அச்சிட்டு முடித்தார். கண்டிக் கைவினைஞரின் திறனையும் நலிவையும் உலகறியச் செய்த நூல் அது. அவர் கல் தேடிய மலைகளில் அன்றே லயங்கள் நின்றன. நூலின் பொருள் அதுவன்று என்பதை ஒப்புவோம். எனினும், அவரை ஓயாது மேற்கோள் காட்டும் நம்மவர் ‘கை’ என்று சொல்லும்போது, கொழுந்து கிள்ளும் கையும் பால் வெட்டும் கையும் நினைவுக்கு வாராமற் போவதேன்?

எங்கள் தெஹியோவிட்டையைச் சூழ்ந்த றப்பர், தேயிலைத் தோட்டங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் இன்னும் உள்ளன. முன்னே ஓர் இஸ்தோப்பு. அங்கும் அலங்காரம் உண்டு: வாசலிற் கோலம், சுவரில் நாட்காட்டிப் படம், பெட்டிப் பலகையில் தந்தை அடித்த புத்தகத் தட்டு. பிறர் உழைப்பைத் தின்னாத அலங்காரம் அது. அதைக் கலையென ஒப்பாதவர் மொறிஸை அரைகுறையாகப் படித்தவர். அந்தத் தட்டிலிருந்து எடுத்த புத்தகத்தோடுதான் எம் மாணவர் வகுப்புக்கு வருகின்றனர்.

பங்களாவை மரபுச் சின்னமென்று பேணுக, தடையில்லை. ஆனால் அதன் தேக்குக் கதவைப் பதியும் ஏட்டிலேயே, அதற்குப் பணம் ஈட்டிக் கொடுத்தோரின் லயத்தையும், அதன் கூரைத் தகரம் எத்தனை மழைக்கு ஒழுகுகிறது என்பதையும் பதிக.