முதலில் தரை காயட்டும்

வீடு கட்டுகிறவர்கள் பாத்ரூமைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் இடம் பெரும்பாலும் டைல்ஸ் கடைதான். குடும்பமே கிளம்பிப் போய், மாதிரிகளைத் தடவிப் பார்த்து, போனில் படம் பிடித்து, ஊரில் இருக்கும் அக்காவிடமும் கேட்டு நிறத்தை முடிவு செய்கிறார்கள். கழிவுநீர் எங்கே இறங்க வேண்டும், தரை எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதையெல்லாம் அதற்குள் கொத்தனாரும் பிளம்பரும் தங்களுக்குள் பேசி முடித்திருப்பார்கள். புதுப் பாணியில் பாத்ரூம் வேண்டும் என்று ஆசைப்படுகிற எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான்: இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். குளித்துவிட்டு வந்த கொஞ்ச நேரத்தில் தரை காய்ந்துவிட வேண்டும். அந்த ஒன்று அமைந்துவிட்டால் அழகு பாதி வந்துவிட்டது.

நாம் தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிக்கிறவர்கள். கிணற்றடியிலும் கொல்லையிலும் குளித்த காலத்தில் வெயிலும் காற்றும் தரையைப் பார்த்துக்கொண்டன. இன்று அதே குளியல் படுக்கையறையை ஒட்டிய நாலு சுவருக்குள், கழிப்பிடத்தோடு சேர்ந்து வந்துவிட்டது. வெயில் செய்த வேலையை இப்போது வடிவமைப்புதான் செய்தாக வேண்டும்.

அடுக்ககங்களில் 5 அடிக்கு 8 அடி பாத்ரூம் சாதாரணம். சின்னது என்று வருந்த வேண்டியதில்லை. கதவை ஒட்டி வாஷ்பேசின், அடுத்து கழிப்பிடம், கோடியில் ஜன்னலுக்குக் கீழே குளிக்கும் இடம் என்று வரிசைப்படுத்துங்கள். கோடியில் உள்ள 3 அடியைக் குளிக்க ஒதுக்கி, ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தால் மீதி 5 அடியில் ஈரம் படாது. கழிப்பிடத்தின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவர் 15 அங்குலமாவது தள்ளியிருக்கட்டும். எதிரே 2 அடி காலியாக இருக்கட்டும். கை கழுவப் போகிறவர் கால் நனையாமல் திரும்பி வருகிற பாத்ரூம், படத்தில் பார்த்த எந்த ஆடம்பரத்தைவிடவும் நவீனமானது.

அடுத்தது வாட்டம். மீட்டருக்கு 1 முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தானாக ஓடும். கண்ணுக்கும் காலுக்கும் சரிவு தெரியாது. டைல்ஸின் அளவும் வாட்டத்தோடு சேர்ந்த விஷயம். தண்ணீர் வடியும் துளை தரையின் நடுவிலோ மூலையிலோ இருந்தால் பல பக்கத்திலிருந்தும் தரை அதை நோக்கிச் சரிய வேண்டும். 2 அடிக்கு 4 அடி பெரிய டைல்ஸை அப்படிப் பதிக்க முடியாது. துண்டு போட வேண்டிவரும், அல்லது தண்ணீர் தேங்கும். அங்கே 1 அடிக்கு 1 அடி டைல்ஸே பொருத்தம். பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்றால் சுவரோரமாக நீளவாக்கில் வடிகால் வையுங்கள். ஒரே பக்கம் சரித்தால் போதும். தரைக்கு மேட் வகை, சுவருக்கு விருப்பம்போல. இடைவெளிகளில் எபாக்சி கிரவுட் போட்டால் தண்ணீரை உறிஞ்சாது, எளிதில் கறுக்காது. சிமென்ட் கிரவுட்டைவிட விலை அதிகம்தான். வருடக்கணக்கில் தேய்க்கிற கையை நினைத்தால் அது செலவே அல்ல.

டைல்ஸுக்கு அடியில் போகிற பணத்தைக் குறைக்காதீர்கள். பாத்ரூம் பகுதியில் கான்கிரீட் தளத்தைத் தாழ்த்திப் போட்டிருப்பார்கள். அதன்மேல் நீர்க்காப்புப் பூச்சு பூசி, சுவரிலும் ஏற்றி, குளிக்கும் பக்கத்தில் ஆள் உயரம்வரை கொண்டுபோக வேண்டும். பிறகு தண்ணீரைக் கட்டி ஒரு முழு நாளாவது விட்டுப் பார்க்க வேண்டும். கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தெரியாவிட்டால்தான் அடுத்த வேலை. இதற்கு மேஸ்திரியிடம் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். குழாய்கள் சுவருக்குள் மறையும் முன், பக்கத்தில் டேப்பை வைத்து நாலு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஒரு கொக்கி மாட்ட ஆணி அடிக்கும்போது அதன் அருமை தெரியும்.

துர்நாற்றத்தைத் தடுப்பதும் தண்ணீர்தான். 1775இல் லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங், வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் கழிப்பிட அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மறிக்கிறது. நம் தரையில் வைக்கிற நானி டிராப்பும் அதே தத்துவம்தான். அதில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். புழங்காத விருந்தினர் பாத்ரூமில் வாடை வந்தால் அந்தத் தண்ணீர் வற்றியிருக்கலாம். வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கறுப்புக் குழாய்களும் கருஞ்சாம்பல் சுவர்களும் இப்போது எல்லோரையும் ஈர்க்கின்றன. உங்கள் வீட்டுக்கு வருவது உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு துளியும் காய்ந்து கறுப்பின்மேல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு வெளிர் மணல் நிறமும், பளபளப்புக் குறைந்த பிரஷ்டு வகைக் குழாயும் நல்லது. கண்ணாடித் தடுப்பில் தண்ணீரை வழித்துவிட ரப்பர் பட்டை ஒன்றை அங்கேயே மாட்டி வையுங்கள்.

பத்திரிகைப் படங்களில் வாளி இருக்காது. நம் வீட்டில் இருக்கும், இருக்கட்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் 8 நிமிடம் நின்றால் 80 லிட்டர் போய்விடும். நமக்கோ 20 லிட்டர் வாளி ஒன்றோ இரண்டோ போதும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் வாளிக்கென்று ஓர் இடம் வகுப்பதுதான் மதிப்பான வடிவமைப்பு. தரையிலிருந்து 2 அடி உயரத்தில் ஒரு குழாய், அருகே சுவரோடு பதித்த கிரானைட் பலகை. எங்கள் வீட்டில் அம்மா சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்வது அந்தப் பலகையில் உட்கார்ந்துதான். சீயக்காயும் எண்ணெயும் கலந்து ஓடும் தரையில் வழுக்காத டைல்ஸ் இல்லையென்றால், அந்தக் குளியல் ஒவ்வொரு வாரமும் பயமாகிவிடும்.

வயதானவர்களுக்கான ஏற்பாட்டைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். கைப்பிடிக் கம்பி வரப்போகும் இடத்தில் சுவர் உறுதியாக இருக்க வேண்டும். அதைக் கட்டும்போதே செய்வது எளிது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டாலும் திறந்து தூக்க முடியும். வாசலில் கால் தடுக்கும் படி வேண்டாம். கீசர் சுவிட்ச் வெளியே இருக்கட்டும். இணைப்புக்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்த அலெக்சாண்டர் கீரா, 1966இல் பாத்ரூமைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். மனித உடல் எப்படி அசைகிறது என்று பார்த்துத்தான் இந்தச் சாதனங்களின் வடிவம் அமைய வேண்டும் என்பது அவர் வாதம். நம் வீட்டில் அந்த உடல் பாட்டியுடையது, குழந்தையுடையது, மாதம் நிறைந்த மகளுடையது.

வெளிச்சத்துக்கு அதிகம் செலவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியின் இரு பக்கமும் விளக்கு வைத்தால் முகத்தில் நிழல் விழாது. எக்ஸாஸ்ட் ஃபேன் கதவுக்கு எதிர்ப்பக்கம் இருக்க, கதவின் அடியில் சிறு இடைவெளியும் இருந்தால் காற்று முழு அறையையும் கடந்து போகும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: இதை யார் கழுவப் போகிறார்கள்? பெரும்பாலான வீடுகளில் அது ஒரு பெண்; அந்த வீட்டுப் பெண், இல்லையென்றால் வேலைக்கு வரும் பெண். டைல்ஸ் தேர்ந்தெடுக்கும்போது அவர்களைக் கேட்கிறவர்கள் குறைவு. சுவரில் மாட்டும் கழிப்பிடத்தை நான் பரிந்துரைப்பதே அவர்களுக்காகத்தான். தரையைத் தொடாமல் இருப்பதால் அடியில் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். மூலை முடுக்கு குறைந்த வாஷ்பேசின், கறை பிடிக்காத கிரவுட், தானாகக் காயும் தரை ஒவ்வொன்றும் ஒருவரின் முதுகுவலியைக் குறைக்கிறது. ஆகவே கடைக்குக் கிளம்பும் முன், கழுவப்போகிறவரை உட்காரவைத்து வரைபடத்தைக் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு நிறத்தைப் பற்றிப் பேசுங்கள்.