லாரியில் பழைய பம்ப் மாட்டும் தம்பிகளுக்கு



பால்பண்ணைப் பக்கம் லாரி வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் இரண்டு பேர், எலெக்ட்ரானிக் பம்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கல் பம்ப் மாட்டப் போகிறார்களாம். குரூப்பில் அதற்குக் கைதட்டல் வேறு!

கோபம் புரிகிறது. பழைய வண்டி நடுராத்திரி சமயபுரம் டோல்கேட்டில் நின்றால், டிரைவரே கையால் பம்ப் அடித்து, ஏர் எடுத்து, கிளம்பிவிடுவார். இன்று ஒரு சென்சார் போனால் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். அன்றைய வாடகை போச்சு.

அதற்காக? தோட்டக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பொடியாகச் சிதறுமே, அதுபோல காமன் ரெயிலில் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் சிதறி நன்றாக எரிகிறது. எப்போது, எவ்வளவு என்பதைக் கணினி ஒவ்வொரு முறையும் கணக்கிடுகிறது. பழைய பம்புக்கு அந்தக் கணக்கு வராது. மிச்சம் கரும்புகை. சஞ்சீவி நகர் சிக்னலில் சைக்கிளோடு நிற்கும் பிள்ளைதான் அதை இழுக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டியானால் புகை வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதையும் படித்துப் பாருங்கள்.

கோளாறைப் படிக்கும் மென்பொருளைக் கம்பெனிகள் ஏன் பூட்டி வைக்கின்றன? அதையல்லவா கேட்க வேண்டும்! பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022இல் இணையதளமே தொடங்கியது. வாகனங்களும் அதில் உண்டு. உங்கள் சங்கத்திலிருந்து ஒரு மனு போயிற்றா? எழுத வராவிட்டால் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.