விடுப்பு தருமமன்று, உரிமை

பொருள் தேடிக் கடல் கடக்கும் நம் சகோதரர்களிற் பலர் ஒப்பந்தத்தைப் படியாமலே கையொப்பமிடுகின்றனர். பின்னர் ஊர் திரும்ப விடுப்புக் கேட்கையில், முதலாளியின் கருணையை நாடிக் காத்திருக்கின்றனர்.

தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறை (2:282) பணிக்கின்றது. பொருளுக்கே இத்துணைக் கவனமெனில், மனிதனின் உழைப்புக்கு எத்துணைக் கவனம் வேண்டும்! வியர்வை உலருமுன் கூலி வழங்கச் சொன்னார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஊதியத்துடன் கூடிய விடுப்பும் அக்கூலியின் பகுதியே.

சவூதி அரேபியத் தொழிற்சட்டம் ஆண்டுக்கு 21 நாளும், ஒரே முதலாளியிடம் ஐந்தாண்டு நிறைந்தபின் 30 நாளும் குறைந்த அளவாக விதிக்கின்றது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், ஓராண்டு பணி நிறைந்தோர்க்கு 30 நாள் அளிக்கின்றது. வீட்டுப் பணியாளர்க்குத் தனி விதிகள் உள்ளன; அவர்கள் அவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

அந்நாள்கள் உழைப்பவனுக்கு மட்டும் உரியனவல்ல. பெற்றோர், மனைவி, மக்களின் ஹக்கும் அவற்றில் உண்டு. அறியாமையால் அதனை இழப்பது பொறுமையாகாது. குறித்த நாளில் பணிக்குத் திரும்புதலோ தொழிலாளியின் அமானிதமாகும்.

பயணம் புறப்படுவோர்க்கு ஒப்பந்தத்தைத் தமிழில் படித்து விளக்க, ஊர்தோறும் ஜமாஅத்தார் முன்வருவார்களாக! அதுவும் ஓர் இபாதத்தே.