டீசலோடு வாடகையும் ஏறி இறங்கட்டும்

2020 மார்ச்சில் உற்பத்தியைக் குறைப்பதில் உடன்பாடு எட்டாமல் சவுதி அரேபியாவும் ரஷ்யாவும் விலைப்போரில் இறங்கின. கொரோனா முடக்கமும் சேர்ந்துகொள்ள, ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லோடு இல்லாமல் நின்ற வண்டிகளுக்கு இனி டீசலாவது மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததில் நியாயம் இருந்தது. ஆனால் மே முதல் வாரத்தில் மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தியது. அதே வாரத்தில் தமிழக அரசும் தன் வரியைக் கூட்டியது. ஜூன் 7 முதல் பங்க் விலையும் நாள்தோறும் ஏறத் தொடங்கியது.

உலக எண்ணெய் அரசியல் லாரித் தொழிலுக்கு வந்து சேரும் வழி இதுதான். ஏற்றம் முழுதாக வருகிறது. இறக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் பீப்பாய் விலையை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ள முடியாது. பணம் கட்டுவது டாலரில். 2014 ஜூனில் பீப்பாய் 110 டாலரை ஒட்டி இருந்தபோது ஒரு டாலர் 60 ரூபாய். ஆக பீப்பாய்க்கு 6,600 ரூபாய். 2024 அக்டோபரில் டாலர் 84 ரூபாய். அந்த மதிப்பில் 79 டாலர் எண்ணெயே அதே 6,600 ரூபாயைத் தொட்டுவிடும். எண்ணெய் ஏறினால் டாலருக்குத் தேவை கூடி ரூபாய் சரிகிறது. ரூபாய் சரிந்தால் அடுத்த கப்பல் எண்ணெய்க்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 1990 ஆகஸ்ட்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, ஏற்கெனவே மெலிந்திருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு இப்படித்தான் மேலும் கரைந்தது. மறு ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது.

டீசல் விலை மீதான அரசுக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. ஆனாலும் 2021 நவம்பர் முதல் நான்கரை மாதம் விலை அசையவில்லை. ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடிந்த பின், 2022 மார்ச் 22 தொடங்கி இரண்டே வாரத்தில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. உக்ரைன் போரின் உச்சத்தில் எண்ணெய் நிறுவனங்கள் நட்டத்தைத் தாங்கியதையும், மே மாதம் கலால் வரி 6 ரூபாய் குறைந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் தள்ளுபடியில் வந்த ரஷ்ய எண்ணெய் இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய பிறகும், 2024 மார்ச்சில் கிடைத்த குறைப்பு 2 ரூபாய்தான்.

நாமக்கல்லிலிருந்து டெல்லி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஒரு நடைக்கு 600 லிட்டர் வேண்டும். டீசல் 10 ரூபாய் ஏறினால் 6,000 ரூபாய் கூடுதல் செலவு. வாடகையோ முன்பே பேசி முடித்தது. ரிட்டர்ன் லோடுக்கு நாள்கணக்கில் காத்துக்கிடக்கும் வண்டி, காலியாகத் திரும்புவதற்குப் பயந்து கிடைத்த வாடகைக்கே ஏற்றிக்கொள்கிறது. ஃபைனான்ஸ் தவணை காத்திருக்காது. டிரைவர் படியைக் குறைக்கவும் கூடாது. டயரிலும் எண்ணெய்தான்: செயற்கை ரப்பரும் கார்பன் பிளாக்கும் பெட்ரோலிய வழிப் பொருள்கள்.

இதே நாமக்கல்லில் வேறொரு ஏற்பாடும் இருக்கிறது. மங்களூரு, கொச்சி, எண்ணூர் என்று சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் தென்மண்டலச் சங்கத்துக்கு நாமக்கல்தான் தலைமையிடம். எண்ணெய் நிறுவனங்களோடு அவர்கள் போடும் ஒப்பந்தத்தில் டீசல் விலைக்கேற்ப வாடகையைத் திருத்தும் பிரிவு உண்டு. டெண்டர் நிபந்தனைகளில் அவர்களுக்குக் குறைகள் பல. 2025 மார்ச் இறுதியில் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனாலும் டீசல் ஏற்றம் முழுவதும் அவர்கள் தலையில் விழுவதில்லை.

தீவன மக்காச்சோளமும் முட்டையும் ஜவ்வரிசியும் ஏற்றும் வண்டிகளுக்கும் அந்தப் பிரிவு வேண்டும். 2018 ஜூலையில் நாடு முழுவதும் எட்டு நாள் லாரிகள் நின்றபோது வைத்த கோரிக்கைகள் அரசை நோக்கியவை, நியாயமானவை. அவற்றோடு, சரக்கு அனுப்பும் பார்ட்டிகளிடமும் சங்கங்கள் பேச வேண்டும். ஒப்பந்த நாளின் டீசல் விலையை எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் 2 ரூபாய் ஏறினால் வாடகையும் அந்தக் கணக்கில் ஏறட்டும்; இறங்கினால் பார்ட்டிக்கு விட்டுக்கொடுக்கவும் உரிமையாளர்கள் தயாராக வேண்டும். சேலம் ஜவ்வரிசி ஆலைகளும் நாமக்கல் கோழிப்பண்ணைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. அடுத்த வாடகைப் பேச்சை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.