மாத்திரை அடக்காத குரல்

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. எல்லா இடத்திலும் போய்விட்டதா என்பது வேறு கதை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சங்கிலியைப் பற்றி, மனச்சிதைவு நோயோடு மதுரைப் பக்கம் வாழ்கிறவரைக் கேளுங்கள். காதில் கேட்ட குரல் பலருக்கு மாத்திரையில் அடங்கிவிடுகிறது. "நான் லூசு, என்னை எவன் வேலைக்கு வைப்பான்?" என்கிற சொந்தக் குரல்தான் அடங்குவதில்லை. மாத்திரை அட்டையைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஒளிப்பார். பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு, பத்திரிகை வைத்து அழைத்தாலும் போகமாட்டார். இந்தச் சொந்தக் குரலுக்கென்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது. ஊர் சொன்னதை எப்போது நம்பத் தொடங்கினீர்கள், அதற்கு எதிராக உங்கள் வாழ்க்கையிலேயே என்ன சாட்சி இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டு, தன் கதையைத் தானே திருத்திச் சொல்லப் பழக்குவது. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் மனநல மறுவாழ்வுப் பணியில் இருக்கிறது. ஒரு நிறுவனம் எத்தனை பேரைத் தாங்கும்? மேலூர், உசிலம்பட்டி அரசு ஆஸ்பத்திரிகளிலும் மாத்திரைச் சீட்டோடு அரைமணி நேரப் பேச்சையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லை என்பார்கள். உளவியல் படித்துவிட்டு வேறு வேலைக்கு மனுப் போடும் பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து உட்கார வையுங்களேன்.