கிஷ்கிந்தா ரீல்ஸ் பார்த்தாச்சு... உங்க வீட்டு ஆல்பம் எங்க இருக்கு?

'90ஸ் கிட்ஸுக்கு மட்டும்தான் புரியும்' என்ற கேப்ஷனோடு தாம்பரம் கிஷ்கிந்தாவின் பழைய போட்டோக்கள் டைம்லைனில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. லைக் போட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால், அந்தப் படங்களை இனி யார் பாதுகாப்பது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) எடுத்த நவோதயா அப்பச்சன்தான் 1995-ல் கிஷ்கிந்தாவைத் தொடங்கினார். அதற்கு முன்பே விஜிபி கோல்டன் பீச் இருந்தது. ஆடாமல் அசையாமல் நிற்கும் 'சிலை மனிதர்' அங்கே ஃபேமஸ். நெல்லையிலிருந்து சென்னை 600 கி.மீ.க்கும் மேல். நம்ம ஊரில் ராட்டினம் என்றால், ஆனித் திருவிழா பொருட்காட்சியில் வருவதுதான். அதனால், ஸ்கூல் டூரிலோ, சென்னையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு லீவுக்குப் போனபோதோ எடுத்த 'தீம் பார்க் போட்டோ' பல வீடுகளில் பொக்கிஷம்.

அந்தப் படங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். பெரும்பாலும் ரைடு இருக்காது. நுழைவாயிலோ, சிலையோதான் இருக்கும். காரணம் சிம்பிள். ஒரு ரோலில் 36 படம்தான். கழுவ, பிரிண்ட் போட தனிக் காசு. கேமராவைத் தண்ணிக்குள் கொண்டுபோகவும் முடியாது. எல்லாரும் வரிசையாக நின்று, 'நாங்களும் வந்தோம்' என்பதற்கு ஒரே ஒரு கிளிக். யார் டூர் போனார்கள், என்ன உடுத்தினார்கள் என்று சொல்லும் சமூக வரலாறு அது.

நாஸ்டால்ஜியா ரீல்ஸ் இதில் பாதியைத்தான் காட்டும். 2016 மே மாதம் இதே கிஷ்கிந்தாவில் ராட்டினச் சோதனை ஓட்டத்தின்போது ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அது எந்த 'கோல்டன் மெமரீஸ்' வீடியோவிலும் வராது. தேதியும் ஊரும் இல்லாமல் ஃபார்வர்டு ஆகும் படம், ஏக்கத்தை மட்டும்தான் கொடுக்கும்.

1955-ல் திறந்த டிஸ்னிலேண்டின் பழைய படங்கள் இன்று தேதியோடு கிடைக்கின்றன என்றால், டிஸ்னி நிறுவனம் 1970-லேயே தனி ஆவணக் காப்பகம் தொடங்கியதும் ஒரு காரணம். நம்மிடம் இருக்கும் காப்பகம் பீரோவுக்கு மேலே இருக்கும் ஆல்பம்தான்.

அதற்கும் உத்தரவாதம் இல்லை. 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, தாமிரபரணி கரைமீறி வீடுகளுக்குள் புகுந்தது. ரேஷன் கார்டை மறுபடி வாங்கிவிடலாம். நெகட்டிவும் இல்லாத போட்டோ போனால் போனதுதான். வெள்ளமே வராவிட்டாலும் நம்ம ஊர் வெயிலும் ஈரப்பதமும் கலர் பிரிண்ட்டை மெல்ல வெளுக்க வைக்கும்.

என்ன செய்யலாம்? ஒட்டும் ஷீட் ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம். வராவிட்டால் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கக் கையெழுத்தையும் சேர்த்து எடுங்கள். ஃபைல் பெயரில் வருடம், ஊர், ஆட்கள் பெயர் இருக்கட்டும். ஏஐ மூலம் பளிச்சென்று மாற்ற ஆசையா? காப்பியில் செய்யுங்கள், ஒரிஜினல் ஸ்கேனைத் தொடாதீர்கள். படம் நனைந்துவிட்டால் அடுக்கி வைக்காமல், சுத்தமான தண்ணீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் தனித்தனியாகக் காய வையுங்கள்.

அரசுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1876-ல் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போன கதை நமக்குத் தெரியும். முதுமக்கள் தாழிக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம், 30 வருடப் பழைய போட்டோவுக்கும் வேண்டும். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் மாதம் ஒருநாள் இலவச ஸ்கேன் முகாம் நடத்தலாம். மக்கள் ஆல்பத்தோடு வருவார்கள்; விவரங்களோடு ஒரு காப்பி அருங்காட்சியகத்திலும் இருக்கும்.

அதுவரைக்கும் வேலை நம்முடையது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆல்பத்தை இறக்கி, ஆச்சியையோ அம்மாவையோ பக்கத்தில் உட்காரவைத்து, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஸ்கேனை அப்புறம்கூட எடுக்கலாம். பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.